படி ஏறாத மாலை

நேத்துக் காலையில வாய்க்கா கரையில நடக்கும்போது நம்ம செட்டுல ஒருத்தி தன் மருமகன் பெருமையைச் சொன்னா, நீங்க எல்லாரும் கேட்டீக. அவரு சிகரெட்டை விட்டுட்டாராம். செல்போன்ல அதுக்குன்னு ஒரு ஆப்பு வச்சிருக்காராம். விட்டு எத்தனை நாளாச்சு, எத்தனை சிகரெட்டு குடிக்கல, எம்புட்டு ரூபா மிச்சம், எல்லாத்தையும் அதுவே சொல்லுமாம். அந்தக் காசுல பிரிட்ஜு வாங்கப் போறாகளாம். நல்ல விஷயந்தான். நான் மட்டும் கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டேன், அவளுக்கு மூஞ்சி விழுந்துபோச்சு.

உன் மருமகனைப் பாத்துச் சிரிக்கல தாயி. எங்க வீட்ல அந்த ஆப்பு ஒரு மஞ்சப்பொடி டப்பாவுல இருந்துச்சு, அதை நெனச்சுச் சிரிச்சேன். நடந்துக்கிட்டே சொல்ற கதை இல்ல அது, எனக்கு மூச்சும் வாங்குது. அதான் எழுதுறேன். குரூப்புல போட்டா நீளம்னு திட்டுவீக, திட்டுங்க.

அப்ப எனக்குப் பத்து வயசு, அஞ்சாப்பு. எங்க ஊரு சின்னமனூருக்கு மேக்க, தேவாரம் போற பாதையில. அப்பா சின்னமனூர் வாழைக்காய்க் கமிஷன் கடையில லோடு ஏத்துறவுக. கறை படியாத சட்டை ஒண்ணுகூட அவுககிட்டக் கெடையாது. அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போறவுக. விடியுமுன்னாடி ஜீப்பு வந்து ஊர் முக்குல ஆரன் அடிக்கும், பொம்பளைகளை அடைச்சுக்கிட்டு கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குள்ள போகும், பொழுது சாயத் திரும்பும். வீட்டுக்கு நான் ஒத்தைப் புள்ள.

அப்பா குடிப்பாக. மறைக்க என்ன இருக்கு, உங்கள்ல பாதிப் பேரு வீட்லயும் அது இருந்துச்சு. அடிக்கிற குடி இல்ல. கூலி வாங்கின கையோட சாராயக்கடைக்குப் போயி, குடிச்சு, பீடி இழுத்து, கையில மிச்சம் கெடந்ததுக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் அவிச்ச முட்டை வாங்கிக் குடுத்துட்டு, வெறுங்கையோட சிரிச்சுக்கிட்டே வருவாக. மறுநாள் காலையில என் தலையில கை வச்சு, "ஆத்தா மேல சத்தியம், இனிமே தொடமாட்டேன்"பாக. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு சொல்லுவாகள்ல? எங்கப்பா பேச்சு விடிஞ்சுதான் வரும், பொழுது சாஞ்சாப் போயிரும்.

கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டா மட்டும் வேற ஆளு. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு ஆளு மாலை போடுமே, உங்களுக்குத் தெரியாததா. சபரிமலைக்குப் போற சனத்துல பாதி நம்ம ரோட்டு வழியாத்தான் குமுளி ஏறும். கறுப்பு வேட்டி, கழுத்துல துளசி மாலை, காலுக்குச் செருப்பு கெடையாது, ரெண்டு வேளையும் பச்சத்தண்ணிக் குளிப்பு. பெண்டாட்டியே சாமின்னுதான் கூப்பிடணும், பாயும் தனி. சாராயம் கெடையாது, பீடி கெடையாது, கறி கெடையாது. எனக்கு அந்த நாப்பத்தொரு நாளும் திருவிழா. அப்பாகிட்ட வாழைக்கறை வாசமும் விபூதி வாசமும் மட்டும் அடிக்கும். பக்கத்துல உக்காத்தி வச்சு வாய்ப்பாடு கேப்பாக, தப்பாச் சொன்னாலும் "சரி சாமி"ம்பாக. அவுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மலைக்குப் போயிட்டு வந்ததும் குருசாமி மாலையைக் கழட்டிவிடுவாக. அன்னிக்குச் சாயங்காலமே சாராயக்கடை. அப்பா மட்டும் இல்ல, ஊர்ல பாதி ஆம்பளைக அங்கனதான். நாப்பத்தொரு நாள் குடிக்காததை ஒரே வாரத்துல குடிச்சுத் தீப்பாக. "சாமி மலையேறிருச்சு"ன்னு சொல்லிட்டு அம்மா கதவைச் சாத்துவாக. அப்படி ரெண்டு வருஷம் நான் பாத்துட்டேன்.

மூணாவது வருஷம், ஐப்பசி மழையில, எங்க டீச்சர் குடையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாக. "இந்தப் புள்ள படிக்கும். ராயப்பன்பட்டியில போர்டிங்ல விட்டுருங்க. இங்கன இருந்தா அடுத்த வருஷம் நீங்களே ஜீப்புல ஏத்திருவீக"ன்னாக. அம்மா தலையை ஆட்டுனாக. மறுக்க என்ன இருக்கு? எனக்கு ஒரு வயசு மூத்த பக்கத்து வீட்டுப் புள்ள ஏற்கெனவே ஜீப்புல போயிக்கிட்டிருந்துச்சு. ஏலக்காய் எடுத்து எடுத்து அதோட நகக்கண்ணு கறுத்துக் கெடக்கும். எனக்கு அந்த நகத்தைப் பாத்தாலே பயம். போர்டிங்குன்னா சேக்குற பணம், தகரப் பெட்டி, ரெண்டு செட்டுத் துணி, தட்டு, டம்ளரு, போர்வை. வைகாசிக்குள்ள எல்லாம் வேணும். வீட்ல அப்ப இருந்தது ஒரு மூட்டை வாழைக்காயும் கடவுள் பேரும்.

மாலை போட்ட அன்னிக்கு அம்மா மஞ்சப்பொடி டப்பாவைக் கழுவிக் காயவச்சு, மூடியில ஆணியை வச்சு அடிச்சு ஓட்டை போட்டு, அப்பா முன்னாடி கொண்டாந்து வச்சாக.

"சாமி, கடைக்குக் குடுக்குற காசைத் தினமும் இதுல போடுங்க. புள்ள போர்டிங்குக்கு."

அப்பா டப்பாவை எடுத்து ஆட்டிப் பாத்தாக. "போட்டுட்டாப் போகுது. நீ?"

"நான் என்ன?"

"உன் வாய்க்குள்ள கெடக்கே, அது என்ன வில்வ இலையா?"

அம்மா வாயில அந்நேரமும் வெத்தலையும் புகையிலையும் அதக்கி இருந்துச்சு. தோட்டத்துப் பொம்பளைக எல்லாருக்கும் அது உண்டு. அம்மா எந்திரிச்சு வெளிய போயித் துப்பி, வாய் கொப்பளிச்சுட்டு வந்து, இடுப்புல இருந்த சுருக்குப்பையை அவுத்து, அதுல கெடந்த புகையிலையை அப்படியே அடுப்புல போட்டாக. வீடு பூராம் ஒரே நெடி. மூணு பேரும் இருமி இருமிக் கண்ணுல தண்ணி. "போதுமா சாமி?"ன்னாக. அப்பா விளையாட்டுக்குக் கேட்டது. ரெண்டு நாள்ல அதை மறந்தும் போயிட்டாக.

மொத வாரம் அப்பாவுக்குக் கை நடுங்கும். டீ கிளாசை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிப்பாக. வாயி ஊறுதுன்னு கருப்பட்டித் துண்டைக் கடிச்சுக்கிட்டே இருப்பாக. சாராயக்கடை வழியா வந்தா காலு தானா உள்ள போயிருமாம், அதுக்காகக் கொளத்தைச் சுத்திக்கிட்டு ஒரு மைலு கூட நடந்து வருவாக. ஆனா ஊரே அவுகளைத் தாங்குச்சு, அதையும் சொல்லணும். டீக்கடையில சாமிக்குன்னு தனி கிளாசு. கூடக் குடிச்ச கூட்டாளிகளே, "சாமி இங்கன நிக்காதீக, போங்க போங்க"ன்னு வெரட்டி விடுவாக.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவுல மூணு ரூபாயைப் போடுவாக. போடும்போது ஒவ்வொரு நாளும் ஒண்ணு சொல்வாக. "ஆத்தா, இன்னைக்கு உன் தட்டு." மறுநாள், "இன்னைக்கு டம்ளரு." அதுக்கு மறுநாள், "இன்னைக்குப் போர்வையில ஒரு முழம்." நான் டப்பாவுக்குப் பக்கத்துல காதை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். காசு விழுற சத்தத்துல எனக்குத் தட்டும் டம்ளரும் தெரியும்.

அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்ல. தலைவலின்னு நெத்தியில துணியைக் கட்டிக்கிட்டு, சட்டி முட்டியெல்லாம் டமடமன்னு வைப்பாக. அடுப்புல பால் பொங்குனதுக்கு என் முதுகுல ஒண்ணு வச்சாக பாருங்க, அஞ்சு விரலும் பதிஞ்சுபோச்சு. ஜீப்புல கூட வர்ற பொம்பளைக, "இந்தா, ஒரு துண்டு போட்டுக்க, என்ன பெரிய இது"ன்னு நீட்டிக்கிட்டே இருந்தாகளாம். அவுகளை ஒருத்தரும் சாமின்னு கூப்பிடல. வழி விடல. விரட்டவும் இல்ல. அவுக விட்டிருக்கிறதை ஜீப்புல வர்ற அந்தப் பொம்பளைகளையும் என்னையும் தவிர யாரும் கண்டுக்கல.

இன்னொண்ணு இருக்கு, அது எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. ஏலத்தோட்டத்துல, மழைக்காலத்துல, ரத்தம் குடிக்கிற அட்டை காலுல ஏறும். புகையிலை போட்டிருக்கிற பொம்பளை குனிஞ்சு அந்தச் சாறை அது மேல துப்புனாப் போதும், சுருண்டு விழுந்துரும். உப்பை முந்தானையில முடிஞ்சு கொண்டுபோனா மழையில கரைஞ்சுபோகும். ஆக அந்தப் புகையிலை வாய்க்குப் பாதி, காலுக்குப் பாதி. அம்மா விட்டதும் அட்டைகளுக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் அம்மா காலை நீட்டி உக்காந்தா கெண்டைக்கால் பூராம் செவப்புச் செவப்பாப் புள்ளி இருக்கும். நான் அதை வெளையாட்டா எண்ணுவேன். ஒரு நாள் பதினேழு. அப்பா பாத்துட்டு, "என்ன காலு?"ன்னு கேட்டாக. "முள்ளு"ன்னாக அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அந்தக் காலை வெளையாட்டா எண்ணுனேனேன்னு நெனச்சா இப்ப எனக்கு வெக்கமா இருக்கு.

இருபத்துமூணாம் நாளு. ஞாயித்துக்கெழமை, அம்மா வீட்ல இருந்தாக. அப்பா காலையில லோடுக்குப் போகும்போதே, "இன்னைக்குப் பெட்டிக்குப் பூட்டு ஆத்தா"ன்னு சொல்லிட்டுப் போயிருந்தாக. அதனால எனக்கு அந்த நாளு மறக்கல.

பதினோரு மணி வாக்குல ஒரு ஆளு சைக்கிள்ல வந்து தெருவுல நின்னாரு. அம்மா தண்ணி கொண்டாரப் போனதுக்கு, வேண்டாம்னு கையைக் காட்டுனாரு. அதுலயே அம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு. கேதம் சொல்ல வந்தவுக சாவு வீட்டுச் சேதியைச் சொல்லாமத் தண்ணி குடிக்க மாட்டாக, உக்காரவும் மாட்டாக.

"தேவாரத்துப் பெரியவரு தவறிட்டாரு. நாளைக்குக் காலையில எடுக்குறாக. சாமிகிட்டச் சொல்லிருங்க"ன்னாரு.

"சொல்லிருறேன்"னாக அம்மா.

தேவாரத்துப் பெரியவருன்னா அப்பாவோட சித்தப்பா. ஒரு கிணத்துப் பங்குத் தகராறுல ரெண்டு வீட்டுக்கும் எத்தனையோ வருஷமாப் பேச்சுவார்த்தை கெடையாது. ஆனாலும் அப்பாவுக்குச் சின்னதுல நீச்சல் பழக்கிவிட்டது அவுகதான், அதை அப்பா போதையில மட்டும் சொல்வாக. பேச்சு நின்னாலும் தீட்டு நிக்குமா? பங்காளி செத்தா பதினாறு நாள் தீட்டு. மாலை போட்டவுக சேதி கேட்ட அன்னிக்கே மாலையைக் கழட்டணும். அந்த வருஷம் மலை கெடையாது.

சைக்கிள் திரும்பிப் போகுற வரைக்கும் அம்மா வாசல்லயே நின்னாக. உள்ள வந்து டப்பாவைப் பாத்தாக. அப்புறம் என் முன்னாடி குத்தவச்சு உக்காந்தாக.

"ஏத்தா, வந்தது யாரு?"

"தேவாரத்து…"

"இல்ல. வழி கேட்டு வந்த ஆளு. யாரு?"

"வழி கேட்டு வந்த ஆளு."

"எங்கன போக வழி கேட்டாரு?"

"போடிக்கு"ன்னு அவுகளே சொல்லிக் குடுத்தாக. அப்புறம் மூஞ்சியை முந்தானையில பொத்திக்கிட்டு, "கழட்டுனா இன்னைக்கே போயிருவாகத்தா. அப்புறம் உன்னைய நான் ஜீப்புலதான் ஏத்தணும்"னாக. அம்மா அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்கும் அழுகல, பொத்திக்கிட்டு இருந்தாக, அவ்வளவுதான்.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா வந்து காசு போட்டாக. பூட்டுன்னு சொல்லல, ஒண்ணுமே சொல்லல. மறுநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டாக, கறுப்பு வேட்டி நனைஞ்சு சொட்டுது. "வாய்க்கால்ல வழுக்கிட்டேன்"னாக. அம்மா வேற வேட்டி எடுத்துக் குடுத்தாக.

அதுக்கப்புறம் எங்க வீட்ல நடந்த கூத்தைக் கேளுங்க. தீட்டுக்காரி கையால விரதச் சோறு பொங்கப்படாதே. அம்மா, "எனக்கு உடம்புக்கு முடியல, நீங்களே பொங்கிக்கிருங்க சாமி"ன்னாக. அரிசி களையத் தெரியாத மனுசன், "அதுக்கென்ன, பொங்கிக்கிறேன்"னு உடனே சம்மதிச்சாக. குழைஞ்ச சோத்தை வாயைத் தெறக்காமத் தின்னாக. படத்துக்கு விளக்கேத்த அம்மா கிட்டப் போகல. "நீ ஏத்துத்தா"ன்னாக. அப்பாவும் போகல. அவுகளும் "நீயே ஏத்து ஆத்தா"ன்னாக. பஜனைக்குப் போனா அப்பா உள்ள உக்காராம செருப்புக் கெடக்குற எடத்துல நின்னுக்கிட்டிருந்தாக. "காலு வலிக்குது"ன்னு குருசாமிகிட்டச் சொன்னாக. நான் எல்லாத்தையும் பாத்தேன், எதையும் சேத்துப் பாக்கல. விளக்கை ஏத்திட்டு, "ஐயப்பா, போர்டிங்குக்காகத்தான், கோவிச்சுக்காத"ன்னு நான்பாட்டுக்குக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

மலைக்குக் கெளம்புற நாள் வந்துச்சு. இருமுடி கட்டுற எடத்துக்கு அம்மா வரல, வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிட்டாக. அப்பா போன அஞ்சு நாளும் அம்மா சாப்பிட்டதை நான் பாக்கல. தீட்டுப் பட்ட மாலையோட பதினெட்டாம் படி ஏறுனா என்ன ஆகும்னு ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொல்வாக: புலி வரும், கண்ணு அவிஞ்சுபோகும், ஏறுன காலு இறங்காது. அம்மா ரோட்டைப் பாத்துக்கிட்டே, "ஒண்ணு ஆச்சுன்னா கொன்னது நான்தான்"னாக. என்கிட்டச் சொன்னாகளா, தனக்குத் தானே சொன்னாகளான்னு தெரியல. எனக்குப் போர்டிங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஆகிப்போச்சு. பக்கத்து வீட்டுப் புள்ள மாதிரி என் நகமும் கறுத்தாக் கறுக்கட்டும், அப்பா வந்தாப் போதும்.

ஆறாம் நாள் காலையில அப்பா வந்தாக. காலு ரெண்டும் நல்லா இருந்துச்சு, மொதல்ல அதைத்தான் பாத்தேன். ரெண்டாவது பையைப் பாத்தேன். எப்பவும் மலைப் பிரசாதமா அரவணைப் பாயச டப்பா வரும், எனக்கு அது உசுரு. அன்னிக்குக் குமுளியில வாங்கின நேந்திரம் சிப்ஸ் மட்டுந்தான் இருந்துச்சு. அம்மா பாத்தது கழுத்தை. மாலை இன்னும் கெடந்துச்சு. மத்தவுகளுக்கெல்லாம் ஊர்க் கோயில்ல வச்சே குருசாமி கழட்டிவிட்டாச்சு, தெருவுல ஆளுக கழுத்து வெறுசா நடந்துக்கிட்டிருந்தாக.

அப்பா சுவத்துல சாஞ்சு உக்காந்தாக. "தேவாரத்துக் கேதம் உனக்கு என்னைக்குத் தெரியும்?"ன்னு கேட்டாக.

அம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டாக. "ஆளு வந்த அன்னிக்கே. உங்களுக்கு?"

"எனக்கும் அன்னைக்கேதான். தேவாரத்து லாரிக்காரன் கமிஷன் கடையில சொல்லிட்டான். மறுநாள் போயி, தூரத்துல நின்னு, எரியுறதைப் பாத்துட்டு, ஓடையில முங்கிட்டு வந்தேன்."

"அப்பறம் ஏன் கழட்டல?"

"கழட்டுனா எங்கன போவேன்னு எனக்குத் தெரியாதா?"

ரெண்டு பேரும் ஒரே சாவை ஒருத்தருக்கொருத்தரு மறச்சு வச்சுக்கிட்டு, பதினாறு நாளு ஒரே வீட்டுக்குள்ள சுத்தியிருக்காக. நான் சிப்ஸைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அம்மாதான் கேட்டாக, "படி?"

"ஏறல. பம்பையில வச்சுக் குருசாமிகிட்டச் சொல்லிட்டேன். அடப்பாவி, என்னையும் சேத்துல்ல பாவத்துல இறக்கிட்டன்னு கத்துனாக. இங்கனயே கெட, ஊர்ல போயி இறங்குனதும் கழட்டிருன்னாக. நான் கேட்டேன், படி ஏறாத மாலையை எப்படிச் சாமி கழட்டுறது, விரதம் இன்னும் முடியலையேன்னு. தலையில அடிச்சுக்கிட்டு மேல ஏறிப் போயிட்டாக."

அதைச் சொல்லும்போது அப்பா மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, கள்ளச் சிரிப்பு. அம்மாவுக்குப் புரிஞ்சதும் அங்கனயே உக்காந்து, வாயை விட்டு அழுதாக. அத்தனை நாள் அழுகையும் அன்னிக்கு வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலம் ஊர்ல பாதிக் கூட்டம் சாராயக்கடையில. எங்கப்பா மாலையோட என்கிட்ட வாய்ப்பாடு கேட்டுக்கிட்டிருந்தாக.

தை, மாசி, பங்குனி, சித்திரை. ஊரு சிரிச்சுச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீரபாண்டித் திருவிழாவுக்குக் கறுப்பு வேட்டியில போன ஒரே ஆளு எங்கப்பாதான். குருசாமி ரெண்டு தடவை வீட்டுக்கே வந்து, "இப்படி ஒரு விரதம் எந்தச் சாத்திரத்துலயும் இல்லய்யா"ன்னு சொல்லிப் பாத்தாக. "அடுத்த வருஷம் ஏறிட்டுக் கழட்டிருறேன் சாமி"ன்னாக அப்பா. டப்பா ரொம்பி, இன்னொரு டப்பா வந்துச்சு. வைகாசியில பச்சைப் பெயின்ட் அடிச்ச தகரப் பெட்டி ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு, பூட்டோட. அந்தப் பெட்டி இப்ப எங்கன போச்சுன்னு தெரியல. தேடாத எடம் இல்ல.

அடுத்த வருஷமும் அப்பா மலைக்குப் போனாக. தீட்டு எதுவும் இல்ல, நல்லாவே ஏறலாம். ஏறல. பம்பையில உக்காந்துட்டு வந்துட்டாக. அதுக்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். முப்பத்தொரு வருஷம் மலைக்குப் போனாக, ஒரு தடவைகூடப் படி ஏறல. ஏறுனாக் கழட்டணுமே. கூடப் போனவுக மேல ஏறிச் சாமி பாத்துட்டு வர்ற வரைக்கும் கீழ மூட்டைக்குக் காவல் இருப்பாக. அதுக்கப்பறம் வந்த சாவுகளுக்கெல்லாம் மாலையைச் சட்டைக்குள்ள தள்ளிவிட்டுட்டுத் தூரத்துல நின்னு பாத்துட்டு வருவாக. சாராயம் தொடல, பீடி தொடல. எனக்கு ஏன் தம்பி தங்கச்சி இல்லைன்னு நீங்க இப்பக் கணக்குப் போடுவீக, போட்டுக்கங்க. அம்மாகிட்ட அந்த மாலையைப் பத்தி யாரும் சம்மதம் கேக்கல, சாமியும் கேக்கல, நானும் கேட்டதில்ல. போர்டிங்ல படிச்சு, தபால் ஆபீஸ்ல வேலைக்குப் போயி, எனக்குக் கல்யாணம் ஆகிப் புள்ளை பெத்த பின்னாடிதான் அதை யோசிக்கவே தோணுச்சு.

அப்பா தவறுனப்ப, குருசாமியோட மகன் வந்து மாலையைக் கழட்டுனாரு. துளசி மணி தேஞ்சு மொச்சைக்கொட்டை கணக்கா வழுவழுன்னு இருந்துச்சு. கழுத்துல மாலை கெடந்த எடம் மட்டும் வெளுப்பாத் தெரிஞ்சுச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள். சொந்தபந்தம் எல்லாம் போயாச்சு. நான் பாத்திரம் ஒதுங்க வச்சுக்கிட்டிருந்தேன். அம்மா மெதுவா வந்து நின்னாக.

"ஏத்தா, கடை வரைக்கும் போயிட்டு வாறியா?"

"என்னம்மா வேணும்?"

"ஒரு புகையிலை வாங்கியா."

நான் தட்டைக் கீழ வச்சுட்டேன். "புகையிலையா? நீதான் எப்பவோ விட்டுட்டியே!"

"விட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? உங்கப்பா மாலையைக் கழட்டட்டும், அப்பறம் போட்டுக்கிருவோம்னுதான் இருந்தேன். மனுசன் கழட்டவே இல்லயே"ன்னாக.

முப்பத்தொரு வருஷம். தினம் காலையில எந்திரிச்சு அந்தக் கழுத்தைப் பாத்து, சரி, இன்னைக்கும் இல்லன்னு ஜீப்பு ஏறிப் போயிருக்காக. அதை எந்த டப்பாவுலயும் யாரும் போடல. நேத்து அந்த ஆப்பைப் பத்திக் கேட்டப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு.

கடைக்குப் போனேன். கவர்மென்ட் உத்தியோகம் பாக்குற பொம்பளை புகையிலை கேக்குறதைக் கடைக்காரரு ஒரு மாதிரி பாத்தாரு. பாத்தா என்ன. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் சேத்து வாங்கிட்டு வந்தேன். அம்மா பதமா வெத்தலை நரம்பெடுத்து, சுண்ணாம்பு தடவி, புகையிலையைக் கிள்ளி வச்சு, மடிச்சு வாயில போட்டாக. கை மறக்கல. கண்ணை மூடி ரெண்டு மெல்லு மெல்லுனாக. மூணாவதுல மூஞ்சி கோணுச்சு. எந்திரிச்சு வாசலுக்குப் போயித் துப்பிட்டு, தண்ணி கேட்டு வாங்கிக் கொப்பளிச்சாக.

"சீ, கசக்குது"ன்னாக. "இதுக்காத்தா நான் இத்தனை வருஷம் காத்துக் கெடந்தேன்?"